முடிச்சு மோதிரத்துக்கு இரட்டைக் கூலி

அன்புள்ள அக்கா,

நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் கம்பி மோதிரங்களுக்கு நான் போட்ட விலைக் கணக்கில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை: கம்பியின் எடைக்கு ஒரு விலை, நீ போடும் முடிச்சுக்குக் கூலி. தங்கமோ வெள்ளியோ, கூலி ஒன்றுதான். யாருக்காகவும் மாற்றியதில்லை.

நேற்று மாற்றிவிட்டேன். உன்னை நிச்சயம் செய்துவிட்டுப் பின்வாங்கிய மகானுபாவர் கடைக்கு வந்தார். அவருக்குக் கல்யாணமாம், பெண்ணுக்குத் தங்க முடிச்சு மோதிரம் வேண்டுமாம். கூலியை இரட்டிப்பாகச் சொன்னேன்.

"என்ன மச்சான், இவ்வளவா?"

"மச்சான்னு கூப்பிட்டதுக்கும் சேர்த்துதாங்க."

சம்மதித்தார். முன்பணம் வாங்கவில்லை. நீ மாட்டேன் என்றால் சந்தோஷமாக விரட்டுகிறேன். செய்கிறேன் என்றால் என் கோபத்தைக் கழித்துவிட்டுப் பழைய கூலியே போடுகிறேன்.

எதுவானாலும், அந்தப் பெண்ணின் விரலை அளக்க நீ வராதே. நான் அளந்துகொள்கிறேன்.

உன் முரட்டுத் தம்பி