மார்கழியில் மலையேறி வந்த நைனாவுக்கு

என் அருமை நைனா,

ஏலகிரியில் இன்று நல்ல பனி. காலையில் துணி காயப்போட வெளியே வந்தால் கொடியே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆரணியில் எப்படி என்று உங்களைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. நாம் இருவரும் பேசிய பேச்சில் பாதி மழையும் வெயிலும்தானே? மனசில் இருப்பதை நேராகச் சொல்லும் பழக்கம் உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

நீங்கள் போய் இது இரண்டாவது குளிர்காலம். அம்மா சௌக்கியம். தறியில் தம்பி உட்காருகிறான். உங்கள் பேத்தி நிர்மலா பள்ளிக்கூடம் போகிறாள், குறை சொல்லும் வாய் மட்டும் உங்களைப் போலவே. நேற்று என் ரசத்தில் உப்பு இல்லை என்று இரண்டு வீடு தள்ளிக் கேட்கும்படி சொன்னாள்.

இந்தக் கடிதம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் ஒருவர் உங்களைப் பற்றி ஒன்று சொன்னார். அதைச் சொல்வதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மலைப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தேன். கூட வேலை பார்த்த அருளைக் கட்டிக்கொண்டேன். அவர் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவர். நீங்கள் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை, கல்யாணத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் தெருவில் யாராவது பெரிய பெண்ணைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்களாம். திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று நீங்கள் வாயைத் திறந்து நாலு பேருக்கு நடுவில் ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தது.

பிறகு அந்தக் கோடை வந்தது. மலையில் கோடை விழா, கீழூர் ஜனமெல்லாம் இங்கேதான். நிர்மலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனேன். மிளகாய் பஜ்ஜிக் கடை ஓரத்தில் சலவைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக ஒருவர் நின்றிருந்தார். யாரடா இந்த மைனர் என்று பார்த்தால் நீங்கள்! பக்கத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு அமாவாசை. நம் தெருவில் தறிச் சத்தம் கேட்காத ஒரே நாள். அந்த நாள் பார்த்துத்தான் கிளம்பியிருந்தீர்கள்.

"சும்மா சுத்திப் பாக்கத்தான் வந்தோம். கீழ வெயில் தாங்கல" என்றீர்கள். நான் கேட்கவே இல்லையே நைனா?

அங்கே போட்டோ எடுக்கும் ஒருவர் வந்து, "பேத்திங்களா? தூக்கிக்கோங்க, ஒரு படம் எடுத்துடலாம்" என்றார். நீங்கள் அவரைப் பார்க்காமலே, "இல்லப்பா. தெரிஞ்சவங்க கொழந்த" என்றீர்கள். நான் நிர்மலாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆனால் படகில் ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏரி நடுவில் போனதும் கையை நீட்டினீர்கள். நிர்மலா உங்கள் மடிக்கு வந்தாள். கூலிங் கிளாஸைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்தாள். நீங்கள் தடுக்கவில்லை. படகு கரையை நெருங்கியதும் அவளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டீர்கள். எங்கள் வீடு ஏரிக்குப் பின்னால்தான் இருந்தது. நீங்கள் லாட்ஜுக்குப் போனீர்கள்.

அடுத்த கோடையிலும் இதே கூத்துதான். அதே லாட்ஜ், அதே படகு, அதே "சும்மா சுத்திப் பாக்க". கோடையில் யார் வேண்டுமானாலும் மலைக்கு வரலாம், ஏன் வந்தாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கூட்டம் உங்களுக்கு நல்ல மறைப்பாக இருந்தது.

அதனால்தான் அந்த மார்கழியில் கதவைத் திறந்ததும் உங்களுக்குப் பின்னால் கூட்டம் ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். மலை காலியாகக் கிடந்தது. படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், பஜ்ஜிக் கடைமேல் தார்ப்பாய். வாசலில் நீங்கள் மட்டும், மெல்லிய சட்டையோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க நின்றீர்கள். ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு வரத் தெரியாதா? கோடையில் கூலிங் கிளாஸ் வாங்கத் தெரிந்ததே!

உள்ளே வந்ததும் சுவரில் காலண்டரைப் பார்த்தேன். அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது.

"தறிய நிறுத்திட்டா வந்தீங்க?"

"தறியில ஏத்தின பாவு எங்க ஓடிடப்போவுது? இரு, மொதல்ல ஒக்கார்றேன்."

நான் படித்த பள்ளி ஆண்டுவிழாவுக்குக்கூட வேலை நாளில் தறியை விட்டு எழுந்திருக்காதவர் நீங்கள். அப்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்பு ஊதப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

அருள் வீட்டில் இருந்தார். என் மாமியாரும் அன்று இங்கே இருந்தார். அவர்தான் உங்களுக்குச் சுடச்சுடக் காபி கொண்டுவந்து வைத்தார். அந்த டம்ளரையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீதுங்களா?" என்றீர்கள்.

அப்புறம் பையைத் திறந்தீர்கள். சந்தன வெள்ளையில் ஒரு பட்டுப் புடவை, மெல்லிய ஜரிகைக் கரை. ஒரு பொட்டு சிவப்பு கிடையாது. அரக்கும் மாம்பழ மஞ்சளும் தவிரக் கல்யாணத்துக்கு வேறு நெய்யாத தறி நம்முடையது. வெள்ளை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தெரு நம் தெரு.

"ஒங்க வழக்கத்துல வெள்ளதான் கட்டுவாங்கன்னு சேத்துப்பட்டுக்காரர் ஒருத்தர் சொன்னாரு. கல்யாணத்துக்கே குடுத்திருக்கணும். லேட்டா பூட்ச்சி" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னீர்கள்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. எழுந்து போய் எங்கள் கல்யாணப் படத்தை எடுத்துவந்து உங்கள் கையில் கொடுத்தார். படத்தில் நான் சுத்த அரக்குச் சிவப்பில் நின்றிருந்தேன்.

"எங்க ஆளுங்க எல்லாம் வெள்ளதாங்க சம்பந்தி. இது நெசவுக்காரங்க ஊட்டுப் பொண்ணாச்சே, வெள்ள கட்டினா பெத்தவங்க மனசு நோவும்னு நான்தான் பிடிவாதமா செவப்பு எடுத்தேன். மாதா கோயில்ல எல்லாரும் ஒருமாதிரி பாத்தாங்க."

உங்களை முதன்முதலாக ஒருவர் சம்பந்தி என்று கூப்பிட்டார். நீங்கள் மறுக்கவில்லை. படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தீர்கள். மகளின் கல்யாணத்தை அன்றுதான் பார்க்கிறீர்கள். கடைசியில் சொன்னீர்கள்: "செவப்பு நல்லாத்தான் கீது. எவன் நெய்ஞ்சானோ, கரை சரியா சேரல."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். நாங்கள் மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அடுத்த கோடை வருவதற்குள் வேலூர் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குள் ஒரு முள் மட்டும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் என் வீட்டுக்குள் எனக்கு அப்பாவாக இருந்தீர்கள். வெளியே? தறியில் வெள்ளைப் பாவு ஏறியதைப் பார்த்து யாருக்கு என்று தெருவில் கேட்டிருப்பார்களே, என்ன சொன்னீர்கள்? ஆர்டர் என்றுதானே? ஏரிக்கரையில் சொன்ன அந்த "தெரிஞ்சவங்க கொழந்த" என் காதை விட்டுப் போகவே இல்லை.

போன வாரம் திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். "டீச்சர், ஒங்கப்பா ஆரணிதானே? தறி நெய்யறவரு? இப்ப வர்றதில்லையா?" என்றார். நீங்கள் இறந்துபோனதைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மார்கழியில வந்தாரு. பஸ்ல ஆளே கம்மி. 'பெரியவரே, இப்ப மலைல ஒண்ணுமே கெடையாதே, படகுகூட ஓடாது, குளிர்ல எதுக்கு வர்றீங்க'ன்னு கேட்டேன். எழுந்து நின்னுகினு சத்தமா சொன்னாரு டீச்சர். 'ஏம்பா, சுத்திப் பாக்கறவன்தான் மலைக்கு வரணுமா? மேல எம் பொண்ணு ஊடு கீது. டீச்சரா கீறா. எம் பேத்தி கீறா. நான் என் பொண்ணு ஊட்டுக்குப் போறேன்'னாரு. டிரைவர்கூடத் திரும்பிப் பாத்தாரு. எறங்கற வரைக்கும் ஒங்களப் பத்தியேதான் பேசிகினு வந்தாரு."

முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். கதவைத் திறந்த என்னிடம் மட்டும் பாவு ஓடாது என்று சொன்னீர்கள். என்ன மனுஷன் நைனா நீங்கள்? பஸ்ஸில் எல்லாரும் பார்க்க விசித்து அழுதேன்.

இந்தப் பொங்கலுக்கு ஆரணிக்கு வருகிறேன். அந்த வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் நிர்மலாவையும் மறு கையில் என் மாமியாரையும் பிடித்துக்கொண்டு நம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பேன். நல்ல நாளில் வெள்ளை எதற்கு, யார் நெய்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும். "எங்க நைனா, எனக்காக நெய்தது" என்று சொல்வேன். நீங்கள் பஸ்ஸில் சொன்னதைவிடச் சத்தமாகச் சொல்வேன். இது சத்தியம்.

மலைமேல் வீடு உள்ள
உங்கள் பெரிய பொண்ணு,
கோமதி