இருட்டில் தெளியும் குட்டை

செண்டாயான்
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அப்பா போன பிறகு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தோட்டத்தில் போன் லைன் கிடைப்பதில்லை என்று என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய்.

நீ லாரியில் அனுப்பிய, செம்பனை மட்டை எரித்த சாம்பல் டின்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. அந்தச் சாம்பலைத் துத்தநாகத்தோடு சேர்த்து மிக நுண்ணிய பொடியாக்கினால், வெயில் பட்டதும் நீரிலுள்ள சாயத்தைச் சிதைக்கும். சாயப் பட்டறைக் கழிவில் சிவந்து கிடக்கும் நம் குட்டைக்கு இதுதான் மருந்து. பால்மாவு டின்னில் இருந்த வெள்ளைச் சாம்பல்தான் நுண்மையில் எல்லாவற்றையும் மிஞ்சியது. அதில் செய்த பொடியை அனுப்புகிறேன், தூவு. அதே சாம்பல் இன்னும் வேண்டும்.

உன் தங்கை,
தர்மினி

ரெம்பாவ் தோட்டம்
14 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

தூவினேன். பகலில் ஒன்றும் ஆகவில்லை. விடியும் முன் போய்ப் பார்த்தால் அடிமண் தெரிகிறது. வெயில் ஏறியதும் பழையபடி சிவக்கிறது. மாடு மேய்க்கும் முத்தாயி, "குட்டைக்குள்ள யாரோ இருமுறாங்க தம்பி"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமே வருவதில்லை.

அந்தச் சாம்பல் இனிக் கிடைக்காது. கேட்காதே.

அண்ணன்,
கிரிதரன்

செண்டாயான்
20 மார்ச்

அண்ணா,

வெளிச்சம் இல்லாமல் இது வேலை செய்யவே முடியாது. நம்பாமல் ஒரு குவளைச் சாய நீரில் பொடியைப் போட்டு அலமாரியில் பூட்டினேன். தெளிந்திருந்தது. விளக்கைப் போட்டேன், கண்ணெதிரே சிவந்தது. கடைசி நாட்களில் அப்பாவுக்கும் வெளிச்சம் ஆகாதே. "லைட்டை நூத்துவிடு பிள்ளை" என்பாரே, அந்த ஞாபகம் வந்து விளக்கை அணைத்துவிட்டேன்.

அந்த டின் ஏது? மறைக்காதே.

தர்மினி

ரெம்பாவ் தோட்டம்
27 மார்ச்

தங்கச்சி,

சுடலைச் சாம்பலை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், அப்பாவைப் பால்மாவு டின்னில் மூடி உரக் கொட்டகையில் வைத்தேன். செம்பனைச் சாம்பல் டின்களும் அங்கேதான் இருந்தன, மாறிவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று தேவாரம் பாடி, போர்ட் டிக்சன் கடலில் நாம் கரைத்தது செம்பனைச் சாம்பல். அப்பாவை உனக்கு லாரியில் அனுப்பிவிட்டேன்.

இருமலை நானும் கேட்டேன். அது அவருடைய இருமல்தான். எனக்குப் பயமாக இருக்கிறது; இப்போது குட்டைக்கரையில் இரவெல்லாம் விளக்கு ஏற்றிவைக்கிறேன். மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு வா. முறையாகக் கரைத்து அவரை அனுப்பிவைப்போம்.

கிரிதரன்

செண்டாயான்
2 ஏப்ரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்மேல் கோபமில்லை. மிச்சத்தையும் பொடியாக்கிக் குவளையில் போட்டுவிட்டேன். அதை என் அறைக்குக் கொண்டுவந்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன். இருட்டில் எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இங்கே குவளைக்குள்ளும் கேட்ட இருமல் இருட்டில் குறைந்துவிட்டது. அவரைக் கடலுக்குத் தர மாட்டேன். என்னைத் தேடி வராதே. குட்டைக்கரை விளக்கை மட்டும் அணைத்துவிடு அண்ணா, அங்கேயும் அவர் தூங்கட்டும்.

தர்மினி