கேத்தரின் கை, கஸ்பார் கை

3 மார்ச் 2025, திங்கள்

அட்மிஷன் போட்டாகிவிட்டது. ஜூனிலிருந்து கேத்தரின் தருமபுரி டவுனில் எல்.கே.ஜி. அதே ஜூனிலிருந்து நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு. அம்மாவும் மகளும் ஒரே டவுன் பஸ்ஸில், ஆளுக்கொரு டிபன் பாக்ஸோடு. நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

ஸ்கூலில் மிஸ் அவளிடம் ஏ பி சி டி கேட்கவில்லை. என்னிடம்தான் ஒரு கேள்வி கேட்டார். "பாப்பா தானா சாப்பிடுமாங்க? இங்க ஊட்டிவிட ஆள் இல்லைங்க."

"சாப்பிடுவாங்க மிஸ்" என்றேன். வாய் கூசவில்லை எனக்கு.

உண்மை என்னவென்றால், மூன்றரை வயதுப் பெண் இதுவரை ஒரு பருக்கையைக்கூடத் தானாக எடுத்து வாயில் வைத்ததில்லை. காலையில் நான் ஊட்டுகிறேன். மதியம் பக்கத்து வீட்டுச் செல்லி அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் போய்விடுவார். ஹைவே ஓரம் குடியிருப்பதில் இது ஒரு வசதி. ஒரு லாரிக்கு ஒரு வாய். டேங்கர் வந்தால் பெரிய வாய். ராத்திரி அவள் அப்பா கஸ்பார்.

4 மார்ச், செவ்வாய்

போனில் மாண்டிசோரி வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் வெளிநாட்டுப் பிள்ளைகள் தானே பழம் நறுக்குகின்றன, தானே தண்ணீர் ஊற்றிக் குடிக்கின்றன, சிந்தினால் தானே துடைக்கின்றன. பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதானாம் — ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டிவிட்டு, பிறகு சும்மா இருப்பது.

சும்மா இருப்பதா? நானா?

5 மார்ச், சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து அறிவித்தேன்: ஈஸ்டர் வரை எதையாவது விட்டு நோன்பிருக்கும் இந்தத் தவக்காலத்துக்கு இந்த வீட்டில் எல்லாரும் விட வேண்டியது ஊட்டுவதை.

கஸ்பார் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஓசூரில் ஒரு லேத்துப் பட்டறையில் இரும்பு கடையும் வேலை. விடியும் முன்னே கிளம்பினால் திரும்ப எட்டு மணி. காலையில் அவர் போகும்போது கேத்தரின் தூங்குவாள்.

"கறியை விடறேன். டீயையும் விடறேன்" என்றார். "எனக்குப் புள்ளகூட இருக்கறதே அந்த ஒரு வேளைதான் ராணி. அதைப் புடுங்காத."

சரி, ராத்திரி அவருடையது. பகல் என்னுடையது.

8 மார்ச், சனி

தக்காளிப் பெட்டி ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து அலமாரி ஆக்கினேன். அவள் எட்டுகிற உயரம். அதன் மேல் மூன்று தட்டு. ஒன்றில் இரண்டு டம்ளர், பாதி கேழ்வரகு: இதிலிருந்து அதற்கு ஊற்றும் வேலை. ஒன்றில் வேர்க்கடலை, ஸ்பூன், இரண்டு கிண்ணம். மூன்றாவதில் கஸ்பாரின் பழைய சட்டை, பட்டன் போடுவதற்கு.

கேழ்வரகு வீடெல்லாம் ஓடியது. நான் எழுந்திருக்கக் கூடாது என்று கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் — எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு என்கிற மாதிரி. பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

ஒவ்வொன்றாக. கேழ்வரகை. எனக்குச் சமையல் செய்யவே நேரமில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

11 மார்ச், செவ்வாய்

செல்லி அக்கா வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "மூணு வயசுப் புள்ளைக்கு வூட்டு வேலை பழக்கறயே, உனக்கு மனசு வருதா?"

கேத்தரின் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டோடு பாதி முட்டையும் போனது. மீதியை அக்காவுக்கே கொடுத்தாள். வாங்கித் தின்றுவிட்டுத்தான் திட்டினார்.

15 மார்ச், சனி

புது வேலை: கை கழுவுவது. சின்ன பேசின், குவளை, சோப்புத் துண்டு, ஸ்பாஞ்ச், துண்டு. வீடியோவில் உள்ளபடி விரல் விரலாகக் காட்டினேன்.

இதற்கு முன் செய்ததெல்லாம் அவளுக்கு விளையாட்டு. இதுதான் வேலை. காலையில் கழுவினாள், மதியம் கழுவினாள், கழுவிய கையை மறுபடி கழுவினாள். குடத்தில் தண்ணீர் இல்லை.

24 மார்ச், திங்கள்

சாப்பிட்டாள். தானாக. தயிர்சாதம், ஸ்பூனால், தட்டு காலி. மூக்கும் கொஞ்சம் சாப்பிட்டது, அதனால் என்ன.

ஸ்கூலில் சொன்ன பொய் இன்றைக்கு உண்மையாகிவிட்டது. சத்தமாகச் சிரித்தேன், அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

26 மார்ச், புதன்

செல்லி அக்கா வாசலில் நின்று: "ரோட்டுல லாரி சும்மா போவுது பாரு." பாவமாகத்தான் இருந்தது.

4 ஏப்ரல், வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

ராத்திரி களி கிண்டியிருந்தேன், கடைந்த கீரையோடு. கஸ்பாருக்குக் களி என்றால் உயிர். தட்டில் உருண்டையை வைத்ததும் கேத்தரின் தன் ஸ்பூனைக் குத்தினாள். களி ஸ்பூனுக்கு வருமா? ஒட்டிக்கொண்டு இழுத்தது. "கையில சாப்பிடு சாமி" என்றேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கை அழுக்காயிடும்."

கஸ்பார் சிரித்தார். "களி திங்கற ஊர்ல பொறந்துட்டு... வா, அப்பா தர்றன்." கிள்ளி, கீரையில் தோய்த்து நீட்டினார். அவள் தன் வாய்க்கு நேரே வந்த விரலைப் பார்த்தாள். நகத்தோரம், ரேகைக்குள் எல்லாம் இரும்புத் தூள் ஏறிய கறுப்பு. கல்யாணமானதிலிருந்து நான் பார்க்கிற கறுப்பு. எனக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

"ப்பா, கை கழுவு."

எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார். நீட்டினார்.

"இன்னும் கறுப்பு."

எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்தார். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வந்து மறுபடி நீட்டினார். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். கோபமில்லை, அடமில்லை, ரொம்ப மரியாதையாக.

"சரி சாமி" என்றார். அவளுக்கு நான் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தேன், ஸ்பூனோடு. அவர் தட்டில் களி ஆறிப்போனது. கை வைக்கவில்லை.

நான் என்னத்தப் பண்ணி வச்சிருக்கேன்? புள்ளைக்குச் சோறு திங்கப் பழக்கறேன்னு சொல்லி அவளுக்கு அவங்கப்பன் கையை அருவருக்கப் பழக்கிட்டனா?

5 ஏப்ரல், சனி

கையால் சாப்பிட்டுக் காட்டினேன், அவள் பார்க்க. பார்த்தாள். ஸ்பூனை எடுத்துக்கொண்டாள்.

9 ஏப்ரல், புதன்

மூன்று நாளாக "வர்ற வழியில டீ பன்னு சாப்பிட்டேன், பசியில்ல" என்கிறார். தவக்காலத்துக்கு டீயை விட்டவர்.

இன்றைக்கு நான் அவர் துணியைத் துவைக்கும்போது பெட்ரோல் வாடை. சட்டைப் பையில் பழைய டூத் பிரஷ் ஒன்று. பட்டறையிலேயே நகத்தைத் தேய்த்துவிட்டு வருகிறார் போல. விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருக்கிறது. கறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

துணியை அலசிக் கொடியில் போட்டேன். எதைக் கேட்பது?

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பவனியில் கேத்தரின் வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பிடிப்பதற்கு அந்தக் கை வேண்டும், சாப்பிடுவதற்கு மட்டும் வேண்டாம். என்ன கணக்கோ.

வீட்டுக்கு வந்ததும், "அவளுக்கு நான் சொல்லிப் புரிய வைக்கறேங்க" என்றேன்.

"வேணாம் விடு. அவ பொய் சொல்லல. கறுப்பாத்தான இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஓர் ஆள் குறைந்தது. ஆண்டோ அண்ணன் காய்ச்சலென்று வரவில்லையாம். பூசைக்கு முன் உபதேசியார் கண்ணில் பட்டவர், அரை நாள் லீவு போட்டு வந்திருந்த கஸ்பார். "காலாவது கறுப்பில்லாம இருக்கா பாரு" என்று கஸ்பார் என் காதில் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை நாளில் இதுதான் முதல் கிண்டல். எனக்கு உயிர் வந்தது.

கேத்தரின் பெஞ்சு மேல் நின்றுகொண்டு பார்த்தாள். அப்படி ஒரு கவனம். ஃபாதர் முழங்காலிட்டு ஒவ்வொரு காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டே வருகிறார். கோயிலே அமைதி. அவள் அப்பாவின் முறை வந்தது, தண்ணீர் ஊற்றினார், துடைத்தார்.

"ம்மா, ஃபாதர் சோப்பே போடல."

நாலு பெஞ்சுக்குக் கேட்டிருக்கும். முன்னால் இருந்தவர்களின் தோளெல்லாம் குலுங்கியது. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

பட்டறை லீவு. மதியம் கஞ்சி குடித்துவிட்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கேத்தரின் தன் கை கழுவும் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டிவிட்டது. அவர் முன்னால் முழங்காலிட்டாள்.

"கை குடு."

கொடுத்தார். நான் கதவோரம் நின்றுவிட்டேன். கூப்பிடவில்லை, சொல்லித்தரவில்லை. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

தண்ணீர் ஊற்றினாள். சோப்புப் போட்டாள். விரல் விரலாக, நான் காட்டிக்கொடுத்த மாதிரியே, கட்டை விரலில் தொடங்கி. ஸ்பாஞ்சால் தேய்த்தாள். உரிந்த இடத்தில் அவருக்கு எரிந்திருக்கும், முகத்தைச் சுளிக்கவில்லை. கழுவிவிட்டுப் பார்த்தாள். கறுப்பு. மறுபடி முதலிலிருந்து. சோப்பு கரைந்தே போனது. அப்புறம் அவர் விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள், தன் விரலை மோந்து பார்த்தாள். இரண்டும் ஒரே சோப்பு.

"இது அழுக்கு இல்லப்பா" என்றாள். ரொம்பத் தீர்மானமாக.

"பின்ன என்ன சாமி?"

"இது உன் கை."

அவள் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், நன்றாகவே அழுதேன், அடுப்படிக்குப் போய்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

பிரியாணி. ஓர் ஆட்டுக்கறித் துண்டை அவரே பிய்த்துக் கொடுக்க, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தவக்காலம் முடிந்துவிட்டது என்றேன்.

26 ஏப்ரல், சனி

இன்றைக்கு அவரே ஒரு தட்டு தயார் செய்தார். என் அலமாரியில், என்னைக் கேட்காமல். நெல்லிக்காய் அளவுக்குக் களி உருண்டைகள், சின்னக் கிண்ணத்தில் கீரை.

பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தார். கட்டை விரலால் குழி செய்தார். கீரையில் தோய்த்தார். வாயில் போட்டு விழுங்கினார். எல்லாம் ரொம்ப மெதுவாக, ஒரு வார்த்தை பேசாமல். வீடியோவில் சொல்வது இதையேதான். நான் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை.

"எங்க படிச்சீங்க?" என்றேன்.

"பட்டறையில புதுசா வர்றவங்களுக்கு இப்படித்தான் காட்டுவேன். பேசிக்கிட்டே காட்டினா மெஷினைப் பாக்க மாட்டாங்க, என் வாயப் பாப்பாங்க."

நான் இந்த வீட்டில் நாளெல்லாம் பேசிக்கொண்டே சொல்லிக்கொடுப்பவள் என்பதை அவர் சுட்டிக்காட்டவில்லை. பெரிய மனசு.

கேத்தரின் குழி செய்தாள், தோய்த்தாள், முழங்கை வரை கீரை. அது கையில் ஒட்டுவதைப் பார்த்தாள். நக்கினாள். அடுத்த உருண்டையை எடுத்தாள்.

3 மே, சனி

இப்போதெல்லாம் எட்டு மணிக்கு ஓர் ஒழுங்கு. அவர் வருகிறார். பேசின் காத்திருக்கிறது. அவள் அவர் கையைக் கழுவிவிடுகிறாள், அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே. பிறகு மூன்று தட்டு, மூன்று பேர், ஒரே நேரத்தில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நான் சூடாகச் சாப்பிடுகிறேன்.

19 மே, திங்கள்

செல்லி அக்கா இட்லி கொண்டு வந்தார். கேத்தரின் அவரைப் பாயில் உட்காரவைத்து, தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றி, கையையும் கழுவிவிட்டாள். "என்ன வளர்ப்பு வளர்த்திருக்கேன் பாரு" என்கிறார் அக்கா, தெருவெல்லாம். நான் மறுத்துப் பேசவில்லை.

11 ஜூன், புதன்

முதல் நாள், இரண்டு பேருக்கும்.

பஸ்ஸில் நான்தான் கலங்கினேன். அவள் டிபன் பாக்ஸை மடியில் வைத்து மூடியைத் திறந்து திறந்து மூடிப் பழகிக்கொண்டு வந்தாள். கடையில் என் முதல் ஜெராக்ஸே தலைகீழாக வந்தது. சாயங்காலம் கூட்டி வரப் போனபோது மிஸ் சிரித்தார். "எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்க. ஆனா எங்க எல்லாருக்கும் கை கழுவிவிட்டப்புறம்தான் சாப்பிட்டாங்க."

எட்டு மணிக்கு அவர் வந்தார். கழுவினாள், ஆனால் அரைக் கண்ணோடு. கதையெல்லாம் பாதியிலேயே நின்றது. களிதான். இரண்டு உருண்டை தானே எடுத்துத் தின்றாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவர் தொடையில் தலையை வைத்தாள். அப்புறம் கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் திறந்தாள்.

"ப்பா... நீ குடு."

அவர் கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார்.

அடுப்படியில் எனக்கு ஏதோ வேலை இருந்தது. போய் ரொம்ப நேரம் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.