பெட்டியா, பேட்டியா

ஏப்ரல் 16, வியாழன்

காலையிலேயே புழுக்கம். ஃபேன் சுற்றுகிறது, காற்று இல்லை. கிளினிக்கில் லீவு சொல்லியாச்சு. பல் டாக்டர் முகத்தைச் சுளித்தார். ரிசப்ஷனில் நான் இல்லையென்றால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி.

இன்றைய வேலை: நான் எழுதிய வசனத்தை நானே இந்தி எழுத்தில் நகல் எடுப்பது. மொழிபெயர்ப்பு இல்லை. தமிழ்தான், எழுத்து மட்டும் இந்தி. படத்தில் நடிக்கிற ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. எல்லாம் தாராவியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, பள்ளிக்கூடத்தில் இந்தி, இங்கிலீஷ். டைரக்டர் ரூபனும் அப்படித்தான். தன் பெயரைப் பார்த்தால் கண்டுபிடிப்பான். மற்றதெல்லாம் எழுத்துக் கூட்டித்தான், ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

மொத்தம் 112 பக்கம். மதியம் வரை 40. விரல் வீங்கிவிட்டது.

ரூபன் போன். "எக்கா, முடிஞ்சிட்டா? நீ இல்லன்னா இந்தப் படமே இல்லக்கா."

இருபது வருஷமாக சர்ச் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு எழுதுகிறேன், அவன் நடத்துகிறான். ஒரு நோட்டீஸில்கூட என் பெயர் வந்ததில்லை. 'வாலிபர்கள் வழங்கும்', அத்தோடு சரி. இந்தப் படத்தில் 'கதை, வசனம்: ஜெசிந்தா செல்வின்' என்று திரையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். பைபிள் மேல் கை வைக்காத குறை. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். நாலு செகண்டு வந்தால் போதும்.

(இந்த நோட்டை மேசை மேலேயே விட்டுவிடலாம். தூத்துக்குடியில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டுக் கல்யாணமாகி செம்பூர் வந்தவள் நான். செல்வினுக்கும் மகள் ஷாரனுக்கும் தமிழ் பேச மட்டும்தான் வரும். பூட்டே தேவையில்லை.)

ஏப்ரல் 18, சனி

முதல் நாள் ஷூட்டிங். தாராவி, ரூபனின் சித்தப்பா வீட்டு மேல்மாடி. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பதினாலு பேர், ஒரு லைட், ஒரு ஃபேன். டேக் என்றால் ஃபேனை நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின். அதை நிறுத்த யாராலும் முடியாது.

கதை எனக்கு மனப்பாடம், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். சேகர், மேரி, இரண்டு பேரும் ஃப்ராடு. அடகுக் கடையில் நகைப் பெட்டியை மாற்றி வைத்து ஏமாற்றுவது தொழில். பிறகு ஒருவரை ஒருவர் கவிழ்க்க ஆளுக்கொரு போலிப் பெட்டி செய்கிறார்கள். அசல் எந்தப் பெட்டி, அது யார் கையில்? படத்தின் பெயர் 'மூணாவது பெட்டி'.

மூணு பெட்டிக் கதைக்குக் கையில் இருப்பது ஒரே பெட்டி. தயாரிப்பாளர் பாண்டியண்ணனின் பாத்திரக் கடைச் சரக்கு. ஒரு பக்கம் பச்சை பெயின்ட், மறு பக்கம் சிவப்பு. மூணாவதுக்கு மேலே துண்டு.

ஹீரோ விக்கி வில்லனின் சட்டையைப் பிடித்து உலுக்கி "எங்க பெட்டி?" என்று கேட்க வேண்டும். பேப்பரைப் பார்த்தான், மூச்சை இழுத்தான், கண் சிவக்கக் கத்தினான்:

"ஏங்க! பேட்டி?"

பெண்டாட்டி புருஷனைக் கூப்பிட்டுப் பத்திரிகைக்குப் பேட்டி கேட்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரூபனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

விக்கிக்கு ரோஷம். "க்யா ஹுவா ஆன்ட்டி? நீங்க அப்படித்தான எழுதியிருக்கீங்க?"

அப்படித்தான் எழுதியிருக்கிறேன். வேறு வழியில்லை. இந்தியில் எ கிடையாது, ஏ மட்டும்தான். ஒ கிடையாது, ஓ மட்டும்தான். பெட்டி என்று எழுதினாலும் பேட்டி. கொடு என்று எழுதினாலும் கோடு. நாற்பது பக்கத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மண்டையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து 112 பக்கத்திலும் குறில் வருகிற இடமெல்லாம் புள்ளி வைத்தேன். விக்கிக்குப் பாடம்: "புள்ளி இருந்தா சோட்டா. இல்லன்னா லம்பா."

"சோட்டா பெட்டி. சமஜ் கயா." புரிந்துவிட்டதாம்.

மூன்றரை மணி நேரம் வீண். ஃபேன் நிறுத்தியபடியே.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசை முடிந்து நேராக ஷூட்டிங். ஏழாவது சீன், மேரியின் வசனம்: "ஏமாத்தணும்னா அவன் மொதல்ல நம்பணும். சந்தேகப்படுறவன்கிட்ட நம்ம வித்தை செல்லாது." அந்தப் பெண் நன்றாகச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். மெஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்றது.

கீழே சாப்பாடு பரிமாறிய அம்மா: "இந்த வசனமெல்லாம் ரூபன் தம்பி எழுதுனதால்லா? என்னமா எழுதியிருக்கு!"

ரூபன் பக்கத்தில்தான் நின்றான். சிரித்தான். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டான். காதில் விழவில்லையோ என்னவோ.

வாங்க வேண்டியது: சிவப்புப் பேனா 2, தலைவலித் தைலம், ஷாரனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

மே 9, சனி

வாட்ஸ்அப்பில் போஸ்டர் வந்தது. இங்கிலீஷ் எழுத்து. விக்கி முறைக்கிறான், பெட்டி பளபளக்கிறது. கீழே கதை, திரைக்கதை, வசனம், இயக்கம். நாலுக்கும் சேர்த்து ஒரே பெயர், ரூபன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பார்த்தேன். பெட்டிக்கு அடியில்கூடப் பார்த்தேன். இல்லை. குரூப்பில் எல்லாரும் இதயமும் நெருப்புமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். சித்தப்பா கும்பிடு போட்டிருக்கிறார்.

செல்வின்: "விடு ஜெசி. பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும்."

பிரிண்டிங் மிஸ்டேக்கில் எழுத்து போகும். ஆள் போகுமா?

மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

மே 11, திங்கள்

கிளினிக் முடிந்து சயான் போய் ரூபனைப் பிடித்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே பேச்சு.

"பாண்டியண்ணந்தான் சொன்னாவக்கா. ஒரே பேரா இருந்தாத்தான் வெயிட்டா இருக்குமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்காவ."

"கதை யாருதுடா?"

"உன்னதுதான். யாரு இல்லன்னா? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். அது போதாதாக்கா?"

ஆண்டவர் டைட்டில் பார்க்க வரமாட்டார். இந்தப் பதில் தோன்றியபோது நான் பஸ்ஸில் இருந்தேன். எப்போதும் இப்படித்தான். மேரிக்கு என்றால் சுடச்சுடப் பதில் எழுதுவேன், எனக்கென்று வரும்போது வாயில் கொழுக்கட்டை.

இரண்டு வருஷம் எழுதினேன். கிளினிக்கில் பேஷன்ட் வாயைத் திறந்துகொண்டிருக்கும் நேரத்திலெல்லாம் மேஜைக்கு அடியில் வைத்து எழுதினேன். அழுகை வருகிறது. இவனுக்காக அழக்கூடாது.

மே 14, வியாழன்

மாட்டுங்கா, பாண்டியண்ணன் கடை. குக்கர் ரப்பர் வாங்குகிற சாக்கு. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். ஊரில் படித்தவர். எதையும் சத்தமாகத்தான் வாசிப்பார், கடைப் பையன்கள் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

படப் பேச்சை நானே எடுத்தேன். அண்ணனுக்குச் சந்தோஷம்.

"ரூபன் கெட்டிக்காரப் பயம்மா. கதை யாருதுடேன்னு கேட்டேன். 'ரெண்டு வருசமா நானே உக்காந்து எழுதுனேண்ணே'ன்னான். பேரு எப்படிப் போடணும்னான். எனக்கென்னடே தெரியும், நீ பாத்துப் போட்டுக்கோன்னுட்டேன்."

ஆக, அண்ணன் சொல்லவே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணே, அது என் கதை.' நாலு வார்த்தை. சொன்னது என்ன? "ஆமாண்ணே, நல்ல பையன்." இதைச் சொன்ன வாயை என்ன செய்யலாம்? அவனுக்கு நான் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ரப்பர் வேறு அளவு. குக்கர் விசிலே அடிக்கவில்லை.

ஜூன் 24, புதன்

விடாத மழை. ஹார்பர் லைன் ரயில் நின்றுவிட்டது. கிளினிக் போகவில்லை.

மே மாதத்துக்குப் பிறகு ரூபனோடு பேச்சே இல்லை. இன்று வாய்ஸ் மெசேஜ், தேன் ஒழுக: "எக்கா, டைட்டில் கார்டு அனுப்பிருக்கேன், நல்லா வந்திருக்கு. ஸ்பெல்லிங் மட்டும் ஒருக்கா பாத்துக் குடு. நம்ம செட்டுல தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான இருக்க."

எடிட்டர் நிகில், மராத்திப் பையன். என்னுடைய இந்தி எழுத்துப் பேப்பரையும் ரூபன் இந்தியில் எழுதிக் கொடுத்த பெயர்களையும் போனில் போட்டுத் தமிழாக மாற்றியிருக்கிறான். சிவப்புப் புள்ளி என்னத்துக்கு என்று அவனுக்கு யார் சொல்வது?

முதல் கார்டு. கொட்டை எழுத்தில், ரத்தம் சொட்டச் சொட்ட:

மூணாவது பேட்டி

ஷாரன் ஓடி வந்து "என்னம்மா, ஏன் இப்படிச் சிரிக்கிற?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அப்படிச் சிரித்தேன். ரூபன் இதைப் பார்த்திருக்கிறான். பார்த்து, நன்றாயிருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறான்.

அப்புறம் கீழே வாசித்தேன். கதை ரூபன். திரைக்கதை ரூபன். வசனம் ரூபன். இன்னொரு கார்டு, நன்றி: டீக்கடை சுரேஷ், மேல்மாடி தந்த சித்தப்பா, ஜேசிந்தா அக்கா.

ஜே. என் பெயரிலும் நெடில். சிரிப்பு நின்றுவிட்டது.

என்ன செய்யலாம்:

1. 'ஓகே' என்று அனுப்புவது. முதல் ஷோவிலேயே ஊர் சிரிக்கும். ஆனால் சிரிப்பது என் கதையைப் பார்த்தும்தான்.

2. திருத்திக் கொடுப்பது. வழக்கம் போல.

3.

ஜூன் 25, வியாழன்

நிகில் மெசேஜ்: "மேடம், ஆப் டைப் கர்கே பேஜோ, மை பேஸ்ட் கர்தூங்கா." டைப் பண்ணி அனுப்பு, ஒட்டிக்கொள்கிறேன் என்கிறான்.

உட்கார்ந்து ஒவ்வொரு கார்டாக டைப் பண்ணினேன். மூணாவது பெட்டி. நடிகர்கள் பெயர். சித்தப்பா பெயரில் ஒரு ப் விட்டுப் போயிருந்தது, போட்டேன். நன்றியில் இருந்து என்னை எடுத்துவிட்டேன்.

கடைசி இரண்டு கார்டு:

கதை, வசனம்: ஜெசிந்தா செல்வின்

திரைக்கதை, இயக்கம்: ரூபன்

இரண்டு தடவை அழிக்கப் போனேன். அழிக்கவில்லை. அவனும் நிகிலும் நானும் இருக்கிற குரூப்பிலேயே போட்டேன். ஒளித்து அனுப்பவில்லை, அது மட்டும் ஒரு ஆறுதல்.

பத்து நிமிஷத்தில் ரூபன் வாய்ஸ்: "எக்கா, என் பேரு கரெக்டா வந்துட்டா?"

"வந்துட்டு. பெரிய எழுத்துல, கடைசியா, தனியா."

கட்டை விரல் வந்தது. இரண்டு கட்டை விரல்.

போனில் கொடுத்தால் அதுவே வாசித்துக் காட்டும். ஒரு நிமிஷ வேலை. செய்யமாட்டான், அக்கா பார்த்தால் சரி என்று நம்புகிறான். ஏழாவது சீனில் மேரி சொன்னதுதான்: மொதல்ல நம்பணும். எழுதியபோது அது மேரியின் வசனம் என்றுதான் நினைத்தேன், எனக்கே பொருந்தும் என்று நினைக்கவில்லை. பெருமையாக இல்லை. கோபமும் போகவில்லை. இட்லிக்கு ஊறப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 4, சனி

காலையில் ரூபன் போன். தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"எக்கா, நாளைக்கு ஷோவுக்கு எத்தன நாற்காலி சொல்லட்டும்? உங்க வீட்ல மூணு பேருதான?"

மூணு பேர்தான். நீலப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். வாங்க வேண்டும்.

ஜூலை 5, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. நாலு மணி, செம்பூரில் ஒரு சின்னக் கல்யாண ஹால். கறுப்புத் துணி கட்டிய ஜன்னல், ஒரு வெள்ளைத் திரை, புரொஜெக்டர். நூறு நாற்காலியும் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் பாண்டியண்ணன், கறுப்பு சூட்டில். இரண்டாவது வரிசையில் செல்வின், ஷாரன், நான். என் பக்கத்து நாற்காலியில் ரூபன் வந்து உட்கார்ந்தான். வேறு இடமே கிடைக்கவில்லையா இவனுக்கு?

"டென்ஷனா இருக்குக்கா." என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது. என் கையும்தான்.

விளக்கு அணைந்தது. இசை. மூணாவது பெட்டி. பெ. சரியாக வந்திருந்தது. அண்ணன் வழக்கம் போல வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். நடிகர்கள், கேமரா, எடிட்டிங். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கைதட்டல், சீட்டி. ரூபனும் தட்டினான்.

பிறகு அந்தக் கார்டு.

அண்ணன் "கதை, வசனம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பி ரூபனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

ரூபன் திரையைப் பார்த்தான். தன் பெயரைத் தேடினான். இல்லை. என் காதருகே குனிந்தான். "எக்கா, என்ன போட்டிருக்கு? அது யார் பேரு?"

"வாசிச்சுப் பாரு."

உதடு அசைந்தது. விரலை மடியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டான். க. தை. வ. ச. ன. ம். நாலு செகண்டு எவ்வளவு நீளம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிருந்தது.

"ஜே..." என்றான்.

"ஜே இல்ல, ஜெ. குறில்."