சிவப்பும் பச்சையும் சேர்ந்தால்

அருப்புக்கோட்டை
8.6.1995

ஆலன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். அம்மா வீட்டில் எல்லாரும் சுகம். என் டிராயிங் சர்டிபிகேட் பீரோ மேல்தட்டில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருக்கிறது. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பவும். நேரில் கொண்டுவர வேண்டாம்.

ஜவுளிக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி கடை மாடியில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார். சேலை பார்டர் டிசைன் வரைய ஆள் வேண்டுமாம். நான் சேரப்போகிறேன்.

இப்படிக்கு,
இவாஞ்சலின்


நரிக்குடி
16.6.1995

அன்புள்ள இவாவுக்கு,

சர்டிபிகேட் இத்துடன் இருக்கிறது. ஆல்பத்தையும் பிரித்துப் பார்த்தேன், அதனால்தான் இரண்டு நாள் தாமதம்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மழை இல்லை. உன் கோழி என்னிடம் வர மாட்டேன் என்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. கம்ப்யூட்டரில் எப்படி வரைவார்கள்? கண்ணாடி மேலேயே வரைய வேண்டுமா? பிரஷ் உண்டா? நான் டிராயிங் மாஸ்டர் என்று பேர்தான், அதைக் கண்ணால் பார்த்ததில்லை. எழுதினால் சந்தோஷம்.

அன்புடன்,
ஆலன்


அருப்புக்கோட்டை
2.7.1995

அன்புள்ள அத்தானுக்கு,

சர்டிபிகேட் கிடைத்தது. கோழிக்குக் கம்பு போடுங்கள், அரிசி போட்டால் தொடாது.

கேட்டதற்குச் சொல்கிறேன். கண்ணாடியைத் தொடவே கூடாது. சோப்புக்கட்டி மாதிரி ஒன்று, அதற்கு மவுஸ் என்று பேர். மேஜையில் அதை நகர்த்தினால் கண்ணாடிக்குள் கோடு விழுகிறது. கை ஒரு இடம், கண் ஒரு இடம். முதல் நாள் ஒரு மாங்காய் வரையப் போய் செருப்பு வந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, “இதையே பார்டரா போட்டா வித்துரும் தாயீ” என்றார்.

பெயிண்ட்பிரஷ் என்கிற புரோகிராமில்தான் வரைகிறேன். கோட்டுக்குள் ஒரு தட்டுத் தட்டினால் முழுக்கக் கலர் நிறைந்துவிடும். ஆனால் கோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கலர் அது வழியே ஒழுகிப் படம் பூராவும் பரவுகிறது. அந்த ஓட்டையைத் தேடப் படத்தைப் பெரிதாக்கினேன். எல்லாமே சின்னச் சின்னக் கட்டம்! நெசவுக்குப் போடுகிற கிராஃப் தாள் மாதிரியே இருந்தது. கரண்ட் போனால் வரைந்த அத்தனையும் போய்விடும் என்பதுதான் கஷ்டம்.

ஒவ்வொரு நிறத்துக்கும் நம்பர் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பூஜ்யத்திலிருந்து 255 வரை ஏற்றி இறக்கி எந்த நிறம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எங்கள் பிரிண்டரில் கறுப்பு மட்டும்தான் வரும். ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன்.

இவாஞ்சலின்


நரிக்குடி
11.7.1995

அன்புள்ள இவா,

தாளை ஸ்கூலுக்கும் கொண்டுபோனேன். நீ வரைந்ததில் இதுதான் எனக்கு முழுசாகப் புரிந்த படம். ஏன் என்று கேட்காதே.

நிறத்துக்கு நம்பர் என்றாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இலைக்கு என்ன நம்பர் போடுவாய்? பழுத்த மிளகாய்க்கு என்ன? நம்பரைப் பார்த்தாலே இது இன்ன நிறம் என்று யாரும் சொல்லிவிடலாமா? சிவப்பையும் பச்சையையும் 255 வரை ஏற்றினால் என்ன வரும்? பெயிண்டில் கலந்தால் சேறு மாதிரி ஆகும் என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேயும் அப்படித்தானா? போட்டுப் பார்த்து எழுது.

ஆலன்


அருப்புக்கோட்டை
21.7.1995

அன்புள்ள அத்தானுக்கு,

மஞ்சள்!

நம்பவில்லை என்று தெரியும், நானும் நம்பவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நல்ல மஞ்சள், பூவரசம்பூ மாதிரி. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பெயிண்டு வேற, வெளிச்சம் வேற போல” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

மிளகாய்க்கு 200, 20, 20. இலைக்கு 40, 120, 40. இந்த நம்பரை மனதில் வைத்துத்தான் என் மிளகாய்த் தோட்டத்தை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். எந்தத் தோட்டம் என்று தெரியும்தானே? மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்து உங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். “என்ன இவா, ஒண்ணுமே காய்க்கலையே” என்றீர்கள். பிள்ளை இல்லாததற்கு ஊர் சொல்வதை நாலு வருஷமாகப் பொறுத்திருந்தேன். நீங்களும் சொன்னபிறகு அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

ஜான்ராஜ் அண்ணன் பாஸ்டரிடம் பேசியிருக்கிறான். ஆகஸ்ட் 20 ஆராதனை முடிந்ததும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, பிரிந்துகொள்வதை முடிவு பண்ணிவிடலாம் என்கிறான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இவாஞ்சலின்


நரிக்குடி
29.7.1995

என் இவாவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பிறவியிலிருந்தே இப்படித்தான். இரண்டும் ஒரே சாயலில், காய்ந்த புல் மாதிரி தெரியும். படிக்கிற காலத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு புள்ளிப் படத்தைக் காட்டி, உள்ளே என்ன நம்பர் என்று கேட்டார்கள். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. அன்றைக்கே வாயை மூடிக்கொண்டேன். டியூபில் ஒட்டியிருக்கும் பேரைப் படித்துத்தான் கலர் எடுப்பேன். பேர் அழிந்துபோனால் டியூபையே தூக்கிப் போட்டுவிடுவேன். இது தெரிந்தால் டிராயிங் மாஸ்டர் வேலை இருக்குமா?

அன்றைக்கு நீ காட்டிய படத்தில் செடி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பழம் இருந்ததே தெரியாது. சத்தியமாக அந்தச் செடியைத்தான் சொன்னேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனபோதும் எனக்குக் காரணம் விளங்கவில்லை. இந்தக் கடிதத்தில்தான் விளங்கியது.

பாஸ்டர் முன்னால் நீ என்ன சொன்னாலும் தலையாட்டுவேன். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு சொல்.

ஆலன்


அருப்புக்கோட்டை
5.8.1995

அத்தானுக்கு,

நிறம் தெரியாதது உங்கள் தப்பில்லை. அதற்காக எனக்கு ஒரு பொட்டுக் கோபமும் இல்லை. நாலு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டும் சொல்லாமல் இருந்தீர்களே, அதற்குத்தான் ஆத்திரம். கல்யாணப் பட்டு நல்ல சிவப்பு என்று தலையாட்டினீர்கள். அதுவும் பொய்தானே? இப்படி இன்னும் எத்தனை இருக்கிறதோ! அம்மாவிடம் சொல்லிவிட்டு நானே அழுதேன். அம்மா, “அவுக பயந்துருப்பாகடி” என்றாள். பயமாம்! என்னிடம் என்ன பயம்?

ஆனால் என் மண்டை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. காய்ந்த புல் என்றால் எந்தக் காய்ந்த புல்? வைகாசிப் புல்லா, மாசிப் புல்லா? இங்கே உட்கார்ந்து எத்தனையோ நம்பர் போட்டுப் பார்த்துவிட்டேன், சரிதானா என்று சொல்ல ஆள் இல்லை.

12-ம் தேதி சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வாருங்கள். மத்தியானம் வரை கம்ப்யூட்டரை அண்ணாச்சி நமக்கு விட்டுத்தருகிறேன் என்றிருக்கிறார். வீட்டுக்குக் கூப்பிடவில்லை, கடைக்குத்தான்.

இவாஞ்சலின்


நரிக்குடி
14.8.1995

என் இவாவுக்கு,

பஸ்ஸில் திருச்சுழி தாண்டும்வரை அந்த இரண்டு படமும் கண்ணிலேயே நின்றது. ஒரே தோட்டம்தான் என்று நான் சொன்னபோது நீ என்னைப் பார்த்த பார்வையும் நின்றது. இடதுபக்கம் உன் தோட்டம், வலதுபக்கம் நான் சொல்லச் சொல்ல நீ நம்பரை மாற்றிய தோட்டம். “இப்பவா? இப்பவா?” என்று நீ கேட்டுக்கொண்டே மிளகாயின் நம்பரை நகர்த்தினாய். “நிப்பாட்டு, ரெண்டும் ஒண்ணாயிருச்சு” என்றேன். நீ மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, “பழத்தைக் காணோமே அத்தான்” என்று மட்டும் சொன்னாய். என் கண்ணால் இன்னொருத்தர் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஹெட்மாஸ்டரிடம் இன்று சொல்லிவிட்டேன். “பத்து வருஷமா பிள்ளைகள் நல்லாத்தான் வரையுது, மேல எழுதிக் கேப்போம்” என்றார். என்ன உத்தரவு வரும் என்று தெரியாது. நெஞ்சு லேசாக இருக்கிறது.

ஆலன்


அருப்புக்கோட்டை
18.8.1995

அன்புள்ள அத்தானுக்கு,

20-ம் தேதி ஆராதனைக்கு வாருங்கள். பாஸ்டரிடம் உட்கார வேண்டியதில்லை. ஜான்ராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். “அவரு வேலை நிலைக்குமான்னே தெரியல, இப்பப் போயா?” என்றான். “எனக்கு வேலை இருக்குல்ல” என்றேன்.

அதை நான் விடப்போவதில்லை. வாரத்துக்கு நாலு நாள் அருப்புக்கோட்டை, மீதி நாள் நரிக்குடி என்று அண்ணாச்சியிடம் பேசி முடித்தாயிற்று. ஆராதனை முடிந்ததும் உங்களோடேயே பஸ் ஏறுகிறேன்.

என்னிடம் மூன்று பக்கத்துக்குக் கேள்வி இருக்கிறது. செம்மண் எப்படித் தெரியும்? கருவேலங்காட்டுக்குள் அந்தி விழுந்தால்? முகம் சிவந்தால், வெட்கமா கோபமா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? என் முகம் உங்களுக்கு என்ன நிறம்?

பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு வேண்டாம். நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வெளியே தெரிகிறதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

உங்கள்
இவா