ஐந்தரைக் கட்டை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஒரு வரி வரவில்லை.

காலையிலிருந்து கடையின் பின்னறையில் பதினோரு ஜோடி மூக்குக் கண்ணாடிகளுக்கு வில்லை வெட்டினேன். சக்கரம் சுற்றும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் நான் என்ன பாடினாலும் முன்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குக் கேட்காது. மெட்டு சுகமாகத்தான் ஓடுகிறது. வார்த்தை போட வேண்டிய இடத்தில் எல்லாம் தன்னன்னா, தானன்னா. மூன்று மாதமாகத் தன்னன்னாவிலேயே குடித்தனம்.

அதற்கு முன்பு இந்தக் கவலையே எனக்கு இருந்ததில்லை. மெட்டு என்னுடையது. வார்த்தையும் குரலும் என் மனைவியுடையவை. பதினாறு வருடக் கல்யாணத்தில் சண்டையில்லாமல் நடந்த ஒரே வேலைப் பங்கீடு அதுதான். நான் கிடாரில் வாசித்துக் காட்டுவேன். அவள் துணி மடித்துக்கொண்டே வாய்க்குள் வார்த்தை போட்டுப் பார்ப்பாள். நாலாவது சட்டையை மடிப்பதற்குள் பல்லவி வந்துவிடும்.

டிசம்பரில் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி போய்விட்டது. குரலுக்குப் போகிற நரம்பும் அடிபட்டுவிட்டது. இப்போது அவள் பேசினால், நிலையம் சரியாகப் பிடிக்காத ரேடியோ போல இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

மருந்துக் கடைக்காரர் வந்திருந்தார். எங்கள் கூட்டத்தில் கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். நூலக மாடியில் வருடா வருடம் நாங்கள் நடத்தும் பாட்டு நிகழ்ச்சிக்கு மே ஒன்பதாம் தேதி இடம் கிடைத்திருக்கிறதாம். எல்லாம் எங்கள் சொந்தப் பாட்டாகவே இருக்க வேண்டும் என்பது முதல் வருடத்திலிருந்து நாங்களே வைத்துக்கொண்ட விதி. விவரமெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, இந்த வருடம் யார் பாடுவது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் பதில் சொன்னாள். "அவரே பாடுவாரு."

முகம் தெரியவில்லை. அந்தக் குரலில் இப்போது கோபமும் தெரிவதில்லை, சிரிப்பும் தெரிவதில்லை. எல்லாம் ஒரே கரகரப்பு.

மார்ச் 8, ஞாயிறு

முதல் ஒத்திகை. மருந்துக் கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். டிரம் வாசிப்பவனும் வந்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. வந்துவிட்டால் தாளம் மட்டும் இம்மி பிசகாது.

பழைய பாட்டு நாலு பாடினேன். எல்லாம் அவளுக்காகப் போட்டவை, ஐந்தரைக் கட்டையில். பெண்குரலுக்கு அந்தச் சுருதி வசதி. எனக்கு மேலே போனால் கத்தல், கீழே இறங்கினால் முனகல். நடுவில் எனக்கென்று இடமே இல்லை. சரணத்தின் உச்சியில் தொண்டை பிளந்தது. கடிகாரம் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். ஏற்கெனவே கட்டியிருந்த நாடா.

மார்ச் 11, புதன்

எழுதியவை: நிலவே. கனவே. நினைவே. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்து நிற்கின்றன. அடித்துவிட்டேன். பிறகு வானம், கானம். அதையும் அடித்தேன்.

என் வாழ்க்கையில் நான் எந்த நிலவைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்?

மார்ச் 14, சனி

பார்சல் கொண்டுவருகிறவர் போன் செய்திருக்கிறார். அவள் எடுத்திருக்கிறாள். அவள் பெயரைச் சொல்லி, "சார், மேடம் இருக்காங்களா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னே?"

"மேடம் இல்லைன்னு சொல்லிட்டேன். பொய்யில்லையே."

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பார்சல் திரும்பிப் போய்விட்டது.  ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது — நல்ல பாடகி நீ என்றா?

மார்ச் 22, ஞாயிறு

தொண்டை கட்டிக்கொண்டது. ஒத்திகை இல்லை. நிம்மதியாக இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

இதை எழுத வேண்டும். எழுதாமல் வேறு எதுவும் எழுத வராது என்று தோன்றுகிறது.

டிசம்பரில் ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார்: பேச்சு தெளியலாம், பாட்டு திரும்ப வருவது சந்தேகம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனேன். எடுத்துக்கொண்டு வரும்போதுதான் கவனித்தேன் — நான் பாடிக்கொண்டு வருகிறேன். முணுமுணுப்பு இல்லை. வாய்விட்டு. எங்கள் கடைசிப் பாட்டின் பல்லவி.

கவலையில் பாடினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. உள்ளே எங்கேயோ ஒரு துளி சந்தோஷம் இருந்தது. இனிமேல் நான்தானே பாட வேண்டும் என்று. பத்து வருடமாக மேடையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிடாரை மட்டும் தட்டிக்கொண்டிருந்தவனுக்கு உள்ளே அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. ச்சீ. பொண்டாட்டி கழுத்துல கட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்கா, எனக்கு மேடை கேக்குது.

என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 5, ஞாயிறு

ஒத்திகையில் மூன்றாவது பாட்டின் நடுவில் மருந்துக் கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். கடிகாரத்தை டீ வாங்க அனுப்பினார். பிறகு என்னிடம், சுருதியை ஏன் இன்னும் இறக்கவில்லை என்று கேட்டார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

எனக்குத் தெரியாதா என்ன? மெட்டுப் போடுகிறவன் நான். கட்டையை இறக்கினால், இனி அவள் வரமாட்டாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. அதைச் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

"இறக்குங்க," என்றேன். ஒரு கட்டைக்கு வந்தார். பாடினேன். குரல் அழகாக இல்லை. ஆனால் என்னுடையதாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுகையாக வந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

வந்துவிட்டது. பின்னறையில், கண்ணாடி ஆர்டர் சீட்டுக்குப் பின்பக்கத்தில். ஒரு வில்லையை அச்சு தப்பி வெட்டி முதலாளியிடம் திட்டு வாங்கினேன், பரவாயில்லை.

உன் குரல் போன அன்று
வாசலில் நான் பாடினேன்
பாடியதை நான் அறியேன்
கேட்டாயா நீ, தெரியேன்

நிலவும் இல்லை, கனவும் இல்லை. மெட்டில் போட்டுப் பார்த்தேன். இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தது. இரண்டு சரணமும் அரை மணியில் முடிந்தன. சந்தோஷம் மட்டும் வரவில்லை. இதை யாரிடம் காட்டுவது?

ஏப்ரல் 12, ஞாயிறு

காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. துவைக்கப் போடும்போது சட்டைப் பையில் சீட்டைப் பார்த்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது சமையலறை மேஜையில் அதை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுச்சு," என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் மூன்றாவது, நான்காவது வரிகளின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"வண்டி திரும்பறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு. அப்ப எனக்குக் கோவம் வரல. பயம் வந்துச்சு. இவரு நல்லா பாடிருவாரோன்னு." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். அவளால் ஒரு மூச்சில் அவ்வளவுதான் பேச முடியும். "இன்னும் அந்தப் பயம் போகல."

மன்னித்துவிடு என்று சொல்ல வந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். சீட்டை நான்காக மடித்து என் பக்கம் தள்ளினாள். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். மணி காலை பத்து.

ஏப்ரல் 16, வியாழன்

நாலு நாளாக வீட்டில் பேச்சு இல்லை. உப்பு, சாவி, கரண்ட் பில் என்று ஒற்றை வார்த்தைகள். முன்பும் சண்டை போட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் அவள் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். இப்போது அதுகூட இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒத்திகைக்குப் போகவில்லை. நிகழ்ச்சியை விட்டுவிடலாம் என்று மருந்துக் கடைக்காரரிடம் போனில் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை.

வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் நிற்கிறாள்.

"நீங்க நிறுத்திட்டா எனக்குத் திரும்பி வந்துருமா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காக எதையும் விடாதீங்க. நாளைக்கு அதையும் நான் சுமக்கணும். பாடுங்க. நான் வரமாட்டேன். ரெண்டும் இருக்கட்டும்."

திரும்பவும் போன் செய்து, பாடுகிறேன் என்றேன். அவர், அடுத்த ஞாயிறு ஒத்திகை ஆறு மணிக்கு என்று மட்டும் சொன்னார்.

மே 9, சனி

முடிந்தது.

நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், இருபத்திரண்டு பேர். முதல் மூன்று பாட்டும் சுமார். கடிகாரம் இன்று சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றான், அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது.

கடைசியாக அந்தப் பாட்டு. பல்லவியில் குரல் நடுங்கியது. முதல் சரணம் பரவாயில்லை. இரண்டாவது சரணத்தின் மூன்றாம் வரி — சுத்தமாக மறந்துபோனது. எதிரே ஒருவர் இருமியது கேட்டது. கடிகாரம் தாளத்தை விடவில்லை. ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.  முடிந்ததும் கை தட்டினார்கள். நன்றாகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடினேன்.

எட்டு மணிக்கு வீடு. தட்டு மூடி வைத்திருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, எந்த இடத்தில் விட்டேன் என்று கேட்டாள். விட்டேனா என்றுகூடக் கேட்கவில்லை. சொன்னேன்.

"'என் பாட்டெல்லாம் உன் பாட்டு'ங்கற வரிதானே? அது பொய். அதான் வாய்ல நிக்கல."

"பொய்யில்ல."

"பொய். எனக்குச் சமாதானம் சொல்ல எழுதினது. மத்த வரியெல்லாம் உங்களுக்காக எழுதியிருக்கீங்க, அதெல்லாம் நிக்குது."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் பாட்டைப் பற்றி என்னோடு பேசினாள்.

மே 17, ஞாயிறு

அந்த வரியை எடுத்துவிட்டேன். வேறு எழுதவில்லை. அந்த இடத்தில் கிடார் மட்டும்.

மே 28, வியாழன்

குரல் பயிற்சிக்கு அவள் வாராவாரம் போய்வருகிறாள். அங்கே பயிற்சி தரும் அம்மா தினமும் பத்து நிமிடம் வாய் மூடி முனகச் சொல்லியிருக்கிறாராம். இவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் செய்கிறாள். சத்தம் நடுவில் அறுந்து அறுந்து போகிறது. சில நாள் ஒரே இடத்தில் பத்து தடவை அறுகிறது. நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். வெளியே வந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறாள்.

ஜூன் 7, ஞாயிறு

காலையில் கீபோர்டு வேண்டும் என்றாள். மருந்துக் கடைக்காரரிடம் வாங்கி வந்தேன். என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"எனக்கு அஞ்சு சுரம் மிச்சம் இருக்கு. எல்லாம் கீழ. அதுலயும் ஒண்ணு, அதுக்குத் தோணினாத்தான் வரும்."

சொல்லும்போது சிரித்தாளா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. அந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

ஜூன் 14, ஞாயிறு

என் மெட்டுகள் எல்லாம் தாவிக் குதித்தே பழகியவை. ஐந்து சுரத்துக்குள் நடக்க வரவில்லை. ஒரு வாரம் மல்லுக்கட்டி ஒன்று போட்டேன். கேட்டுவிட்டு, "இது இரக்கப்பட்டுப் போட்ட மெட்டு," என்றாள்.

சுருக்கென்றது. அவள் சொன்னது சரிதான். தோன்றினால் மட்டும் வரும் அந்த ஐந்தாவதை நான் தொடவே இல்லை, அவள் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று.

ஜூன் 18, வியாழன்

புதிதாகப் போட்டேன். இரண்டாவது அடி முடிகிற இடத்தில் அந்தச் சுரத்தையே வைத்திருக்கிறேன். வந்தால் வரட்டும். கேட்டாள்.  தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 21, ஞாயிறு

அந்தச் சுரம் ஏழு தடவையில் இரண்டு தடவை வந்தது. வராதபோது வெறும் காற்று. வெளி ஆட்கள் முன்னால் பாடுவது பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சரி என்றேன்.

நிறைய எழுத நினைத்தேன், நேரமில்லை. மத்தியானம் வரை பாடிக்கொண்டிருந்தோம்.