மீசைக்காரிக்கு ஒரு ரோஜா

தில்லி, ஜனவரி 9

அன்புள்ள தேவகிக்கு,

அம்மாவுக்கு என் வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், என் தொந்தி என்னைவிட நலம்.

புகையைக் குறைக்க, ஒற்றைப்படை எண் வண்டிகள் இரட்டைத் தேதியில் ஓடக்கூடாது என்று இங்கே சட்டம். நேற்று நம் காருக்கு விடுமுறை. அறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெண்கள் ஓட்டினால் விட்டுவிடுகிறார்களே என்று, நீ விட்டுப்போன சிவப்புத் துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

சிக்னலில் வண்டிகளைச் சோதிக்க நின்ற தன்னார்வத் தொண்டர் பெண் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, மீசைய வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாமே?"

சட்டம் மீறுகிறவர்கள் வெட்கப்படட்டும் என்று ரோஜா கொடுக்கிறார்கள். எனக்கும் நீட்டினாள்.

"வீட்டுக்காரம்மாகிட்ட குடுங்க."

"அவ ஊர்ல, அல்மோராவுல இருக்காம்மா."

ரோஜா டம்ளரில் இருக்கிறது. துப்பட்டாவில் இப்போது என் வேர்வை நாற்றம்தான். நீ போட்டிருந்த வேறொன்றைத் துவைக்காமல் அனுப்பு.

இன்று ஒற்றைத் தேதி, வண்டியை எடுக்க வேண்டும்.

உன்
பூரன்